நாற்றத்தின் மூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பது பெரியோர் வாக்கு. நாற்றத்தின் மூலமோ தேடியே ஆகவேண்டியதொன்று. தேடாது விட்டால் அது நாளுக்கு நாள் வளரும்; வளர்வதோடு நில்லாது, குற்றமற்றவர் தலையிற் பழியையும் ஏற்றிவிடும். இதனை நாம் அநுபவத்திற் கண்டது கனடா நாட்டின் சுப்பீரியர் ஏரிக் கரையில், ஒரு வீட்டு வண்டியினுள்ளே.

வீட்டு வண்டி என்று நாம் கூறுவதை வட அமெரிக்காவில் 'ஆர். வி.' என இரண்டெழுத்திற் சுருக்கி வழங்குவர். பாரவண்டியொன்றின் முதுகிலே சிறு வீடொன்றை ஏற்றியது போன்றது அது. படுக்கைகள், எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம், ஒருவர் நின்று குளிக்கத்தக்க சிற்றறை ஆகிய யாவும் 28 அடி நீளத்துள் அடங்கியிருக்கும். தரையின் கீழே மூன்று தாங்கிகள் உண்டு. முதலாவதில் நல்ல நீர். இரண்டாவதில் குசினித் தொட்டியும் குளியலறையும் வடிக்கும் நீர். இதனைச் சாம்பல்நீர் என்பர். மூன்றாவதில் மலசலகூடக் கழிவு. இதனைக் கருநீர் என்பர். பிந்திய இரண்டும் நிறைந்தால், அதற்கென அமைந்த நிலையங்களிற் குழாய் பூட்டி வெளியேற்றுதல் வேண்டும். நகர்ந்து செல்லும் வீடாகையால், தன் சாக்கடையையும் தானே சுமந்து செல்கின்றது அவ் வண்டி. இவ்வொரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ரொறன்ரோ நகரின் அயலில் வாழும் எம் இளவலின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். சுப்பீரியர் ஏரியைக் காண்பதற்காக இளவல் வீட்டு வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தினார். அவர், அவர் மனைவி, பதினான்கு வயதுப் பெறாமகள், பத்து வயதுப் பெறாமகன், எழுபத்தெட்டு வயதான எம் தாயார், நாம் என அறுவர் புறப்பட்டோம். தங்குமிடங்களில் நல்ல குளியலறைகள் இருந்தமையால், வண்டியினுள் இருந்த குளியற் சிற்றறையைப் பொருள் வைக்கும் அறையாக்கினோம். அதில் எல்லாவற்றிற்கும் மேலே இருந்தது தாயாரின் சிறு பெட்டி. இரசப்பொடி, மல்லி, காய்ந்த கறிவேப்பிலை, பெருங்காயப் பேணி, விளக்குத் திரிக்கென வைத்த பஞ்சு என, அவர் ஊரை விட்டுப் போனபின்னும் ஊரைத் தம்மோடு வைத்திருப்பதற்கு வேண்டிய யாவும் அதனுள் இருந்தன.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் சென்றால் சட்பரி நகரை அடையலாம். ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் விண்ணிலிருந்து பெரும் பொருளொன்று மோதியதால் உண்டான குழிப் பிரதேசம் அது. அங்கே நிக்கலும் செம்பும் செறிந்த தாது கிடைக்கின்றது. அத் தாதுவோடு கந்தகமும் கலந்திருக்கும். சுரங்கத் தொழில் தொடங்கிய காலத்தில், விறகை அடுக்கி அதன்மேல் தாதுவைக் குவித்துத் திறந்த வெளியிலேயே எரித்துக் கந்தகத்தைப் போக்கினர். எழுந்த கந்தகவீரொட்சைட்டு வாயுவால் மரஞ்செடிகள் மடிந்தன, மண் கரைந்தோடியது, எஞ்சிய பாறைகள் கரிபூசியவை போலக் கறுத்தன. நகரின் காற்றைத் தூய்மையாக்கும் பொருட்டு 381 மீற்றர் உயரமான புகைபோக்கியொன்று எழுப்பப்பட்டு 1972இல் இயங்கத் தொடங்கியது. நகரத்தார் மூச்சுவிட முடிந்தது உண்மையே. ஆனால் நஞ்சு ஒழியவில்லை. உயரே சென்று, காற்றோடு கலந்து, தொலைவிலுள்ள காடுகளிலும் ஏரிகளிலும் இறங்கிற்று. பின்னர் ஆலையினுள்ளேயே கந்தகத்தைப் பிடித்தெடுக்கும் முறைகள் வந்த பின்னரே உண்மையான தீர்வு கிட்டியது. 2020இல் அப் பெரும் புகைபோக்கியின் பணி நிறுத்தப்பட்டது. 1978 முதல் சுண்ணாம்புக்கற் பொடி தூவி, புல் விதைத்து, மரம் நட்டு வந்ததன் பயனாக, நாம் சென்றபோது கரும் பாறைகளினிடையே இளங்காடு தழைத்து நின்றது. புகையின்றி வாளா நின்ற அப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே மேற்குத் திசையிற் பயணத்தைத் தொடர்ந்தோம்.

சட்பரியிலிருந்து சூ செயின்ற் மேரி நகருக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அவ் வழியில், புறப்பட்ட இரண்டாம் நாள் நண்பகலில், வண்டியினுள் ஒரு நாற்றம் எழுந்தது. அழுகிய முட்டையையும் ஊறிய முட்டைக்கோசையும் ஒருங்கே நினைவூட்டும் நாற்றம். தம்பியின் மனைவி தலையிடிக்கின்றது என்றார். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினர்.

இவ்விடத்தில் வேடிக்கைக்கு இடமில்லை. அடுப்புக்குப் பயன்படும் புறோப்பேன் வாயு தன்னளவில் மணமற்றது. கசிவை மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே எதைல் மேக்கப்ரன் என்னும் கந்தகச் சேர்வையொன்றை அதில் மிகச் சிறிதளவு கலக்கின்றனர். 1937ஆம் ஆண்டு பங்குனி மாதம் 18ஆம் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பாடசாலைக் கட்டடத்தின் கீழே மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கி வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே எரிவாயுவுக்கு நாற்றமூட்டும் சட்டம் அம்மாநிலத்திற் பிறந்தது. ஆதலால் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால், வாயுக் கசிவு என்றே முதலிற் கொள்ளுதல் வேண்டும். இளவல் தாமதியாது வண்டியை வீதியோரத்தில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். மின்னாளி எதனையும் தொடாமல், வெளியே இருந்த வாயுத் தாங்கியின் அடைப்பைத் திருகி மூடினார். கதவும் யன்னல்களும் திறந்தே கிடந்தன.

புறோப்பேன் காற்றிலும் பாரமானது. தரையை ஒட்டியே தேங்கும். அதனாலேதான் அதனை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியை வண்டியின் தரையருகே பொருத்தியிருந்தனர். அக் கருவி வாய் திறக்கவில்லை. எனினும் கருவியை மட்டும் நம்பாமல், அன்று முழுவதும் வாயுவை மூடியே வைத்துப் பயணஞ் செய்தோம். சூ செயின்ற் மேரியில், அத் தொழில் அறிந்த ஒருவரைக் கொண்டு குழாய்களையும் இணைப்புகளையும் சோதித்தோம். கசிவு எங்கும் இல்லை. வாயு மூடியிருந்தபோதும் நாற்றம் நீங்காமல் இருந்ததே அதற்குப் போதிய சான்று. உயிருக்கு அஞ்சிய அச்சம் அகன்றது, நாற்றமோ அகலவில்லை.

அடுத்து ஐயத்துக்குரிய பிறவற்றை ஒவ்வொன்றாக நோக்கினோம். நீர் சூடாக்கும் தாங்கியில் மக்னீசியக் கோலொன்று இருப்பின், சிலவகைப் பற்றீரியாக்கள் நீரிலுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாற்றிவிடும்; அதுவும் முட்டை நாற்றமே. ஒரு குவளையில் வெந்நீரும் மற்றொன்றில் தண்ணீரும் எடுத்து, வண்டிக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்தோம். இரண்டும் தூயவை. மின்கலவடுக்கு அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்டாலும் அதே வாயு வெளிவரும். தொட்டுப் பார்த்தபோது அது சூடேறியிருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் அழுகியது எதுவும் இல்லை. கழிவுத் தாங்கிகளை நிலையமொன்றில் வெறுமையாக்கிக் கழுவினோம். ஒரு பொழுது நாற்றம் தணிந்தது. மறுநாள் மீண்டும் தலைகாட்டிற்று. தம்பியின் மனைவி தேவதாரு மணங் கமழும் திரவமொன்றை வாங்கித் தெளித்தார். தேவதாருக் காட்டில் முட்டை அழுகினால் எப்படியிருக்கும் என்பதை அன்று அறிந்துகொண்டோம்.

அப்பொழுதுதான் பெறாமகன் அச் சொல்லைச் சொன்னான்.

"அப்பாச்சியின்ர பெட்டிப் பக்கத்திலதான் கூட மணக்குது."

சிறுவன் பொய் சொல்லவில்லை. குளியற் சிற்றறையின் கதவைத் திறந்தால் நாற்றம் மிகுந்தே இருந்தது. அங்கே மேலே வீற்றிருந்தது தாயாரின் பெட்டி. அதனுள்ளே பெருங்காயம். 'எங்கள் சாப்பாடு மணக்கும்' என்று பள்ளிக்கூடத்திற் பிறர் முகஞ்சுளிப்பதைக் கண்டு கூசியிருந்த பிள்ளைகள் அவர்கள். அயல்வண்டிக்காரர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அவர்கள் முகத்தில் வெளிப்படையாய்த் தெரிந்தது. பெரியவர்கள் எவரும் வாய் திறந்து ஒன்றும் கூறவில்லை, மறுத்தும் கூறவில்லை. சிலவேளைகளில் மறுப்பின்மையே தீர்ப்பாகிவிடுகின்றது.

தாயார் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை பெருங்காயப் பேணியை இரண்டு உறைகளிற் பொதிந்து கட்டி, பெட்டியோடு இளவலிடம் நீட்டினார்.

"இதை வெளியில வைச்சுவிடு தம்பி" என்றார்.

பெட்டி வண்டியின் வெளிப்புற அறைக்குச் சென்றது. அன்றிரவு அவர் இரசம் வைக்கவில்லை. பாணைப் பாலில் தோய்த்து உண்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பெருங்காயத்தின் மீது ஐயங்கொண்டதில் இரசாயன முறைப்படி ஒரு நியாயமும் உண்டு. ஈரானிலும் ஆப்கானித்தானிலும் விளையும் ஒருவகைச் செடியின் வேரிலிருந்து வடியும் பாலே உறைந்து பெருங்காயமாகின்றது. அதன் மணத்துக்குக் காரணம் கந்தகச் சேர்வைகள். எரிவாயுவுக்கு ஊட்டிய மணமும், சாக்கடை வாயுவும், சட்பரியின் புகையும், இரசத்தின் வாசமும் கந்தகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் குடும்பம் ஒன்றாயிருத்தல் குற்றத்துக்குச் சான்றாகாது. தாயார் மீது நாம் கொண்ட அன்பும் அவருக்குச் சான்றாகாது. பெட்டி வெளியேறிய பின்னரும் நாற்றம் சிறிதும் குறையவில்லை. 'உடுப்பில ஊறிப்போச்சு' என்றான் சிறுவன். உண்மைக் குற்றவாளியைக் கையோடு பிடித்துக் காட்டினாலன்றி இப் பழி நீங்காது என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையில் வண்டி அகவா குடாவை அடைந்திருந்தது. 1944இல் நிறுவப்பெற்ற சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவின் ஒரு பகுதி அது. அதனூடாகச் செல்லும் நெடுஞ்சாலை 1960இலேதான் திறக்கப்பெற்றது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவு முழுவதையும் அதனுள் இறக்கிவைத்தாலும் சுற்றிலும் நீர் எஞ்சியிருக்கும். நன்னீர் ஏரிகளுள் பரப்பால் உலகில் இதுவே பெரியது. அலை எழுந்து கரையில் மோதும் ஓசை கடலோசை போலவே இருந்தது. காற்றில் உப்பு மட்டும் இல்லை. அத்துணை தூய காற்று வீசும் கரையில், வண்டிக் கதவைத் திறந்து உள்ளே செல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

பெறாமகளின் கையிற் குறிப்பேடொன்றைக் கொடுத்து, நேரம், கூரை விசிறி, யன்னல், நாற்றம் என நான்கு நிரல்கள் வரையச் சொன்னோம். மூக்கு விரைவிற் பழகிவிடும் உறுப்பு. நாற்றத்தினுள்ளே இருப்பவர் அதனை அளக்க முடியாது. ஐதரசன் சல்பைட்டு செறிவு மிகுந்தவிடத்து மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். ஆதலால் நாற்றம் மறைந்தது என்பதால் ஆபத்து மறைந்தது என்றும் கொள்ளலாகாது. எனவே ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் வெளியே ஏரிக் காற்றில் நின்றபின் உள்ளே சென்று முகர்வது என விதி செய்தோம். ஒரு பகலும் ஓர் இரவும் அப் பிள்ளை சலியாது எழுதினாள்.

நிரல்கள் நிறைந்தபோது விடை தானே தெரிந்தது. விசிறி நின்றிருந்த இரவில் நாற்றம் மிகச் சிறிது. யன்னல்கள் திறந்து விசிறி சுழன்றபோது நடுத்தரம். யன்னல்கள் மூடி விசிறி சுழன்றபோதோ தாங்கவொண்ணாதது. கூரை விசிறி உள்ளே உள்ள காற்றை வெளியே தள்ளுவது. தள்ளிய அளவு காற்று வேறெங்கோ வழியாக உள்ளே வந்தே தீரவேண்டும். யன்னல் மூடியிருக்கையில் அது எவ்வழியாக வருகின்றது? அவ்வழியே நாம் தேடும் வழி.

அவ்வழியைக் காண ஊதுபத்தி ஏற்றிப் புகையைப் பார்க்கலாம் என்றார் இளவல். சாக்கடை வாயுவில் எரியக்கூடிய மெதேனும் கலந்திருக்கும். அதனருகே நெருப்பு ஆகாது என்றோம். வாசலில் அமர்ந்திருந்த தாயார் அப்பொழுது வாய் திறந்தார்.

"நெருப்பு ஏன் தம்பி? திரிக்கு வைச்ச பஞ்சு காணும்."

வெளியே இருந்த அவர் பெட்டியிலிருந்தே பஞ்சு வந்தது. அவர் தம் விரல்களால் அதனைச் சிலந்தியிழை போல மெல்லிதாக இழுத்து நூலொன்றின் நுனியிற் கட்டிக் கொடுத்தார். யன்னல்களை மூடி விசிறியைச் சுழலவிட்டோம். குசினித் தொட்டியின் வடிகால் வாய்க்கு மேலே பிடித்தபோது பஞ்சு அசையவில்லை. கைகழுவும் தொட்டியிலும் அசையவில்லை. மலசலகூடத்திலும் அசையவில்லை. குளியற் சிற்றறையிலிருந்த மூட்டைகளை எல்லாம் வெளியே எடுத்து, அதன் தரையிலுள்ள வடிகால் வாய்க்கு மேலே பிடித்தோம். பஞ்சு குதித்தெழுந்து கூரையை நோக்கி ஆடியது.

காரணம் மிகவும் எளியது. எந்த வடிகாலின் கீழும் குழாய் வளைந்து செல்லும். அவ் வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கிநிற்கும்; அந் நீரே சாக்கடை வாயு மேலேறாமற் காக்கும் கதவு. இலண்டனில் வாழ்ந்த அலெக்சாந்தர் கமிங் என்னும் மணிக்கூடு செய்வோர் 1775இல் காப்புரிமை பெற்ற மலசலகூட அமைப்பில் இவ் வளைகுழாய் இடம்பெற்றது. இன்று எம் வீடுகளிலெல்லாம் காவல் காப்பது இதுவே. ஆனால் நீர் வார்க்காத வளைகுழாயில் நீர் ஆவியாகிவிடும்; ஓடும் வண்டியிலாயின் குலுக்கலில் சிந்தியும் போகும். நாம் பயன்படுத்தாது பொருள் அடுக்கிவைத்த அக் குளியலறையின் வளைகுழாய் வறண்டு கிடந்தது. சாம்பல்நீர்த் தாங்கியில் எண்ணெயும் உணவுத் துணிக்கைகளும் கலந்த கழுவுநீர் நிறையத் தொடங்கிய பின்னரே வாயு பிறந்தமையால், முதல் நாள் நாற்றம் இல்லை. தாங்கியை வெறுமையாக்கிய பொழுதெல்லாம் அது தணிந்ததும், பெட்டி இருந்த இடத்திலேயே மிகுந்ததும் இதனாலேயே.

ஒரு செம்பு நீரை மெதுவாக வார்த்தோம். 'களக்' என்றொரு சத்தம் கேட்டது. மீண்டும் பஞ்சைப் பிடித்தபோது அது அசையாது தொங்கியது. யன்னல்களைத் திறந்துவிட்டு ஏரிக் கரையில் ஒரு மணிநேரம் நடந்து திரும்பினோம். உள்ளே தேவதாரு வாசம் ஒன்றே எஞ்சியிருந்தது. நீரின் மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் வார்த்தால் அது விரைவில் ஆவியாகாது. அதனையும் செய்தோம்.

பெறாமகன் எவரும் சொல்லாமலே வெளியறையைத் திறந்து பெருங்காயப் பேணியை எடுத்துவந்தான். கட்டியிருந்த இரண்டு உறைகளையும் அவிழ்த்து, இரு கையாலும் அப்பாச்சியிடம் கொடுத்தான். தாயார் அவன் தலையைத் தடவினார்.

"வை அப்பன், இரவைக்கு ரசம் வைப்பம்" என்றார்.

அவ்விரவு வாயு அடுப்பு எரிந்தது. தாளிதத்திற் பெருங்காயம் விழுந்த மணம் திறந்த யன்னல்களினூடாக ஏரிக் கரை முழுவதும் பரந்தது. பிள்ளைகள் யன்னலை மூட எழவில்லை.

மறுநாட் காலை அகவாப் பாறைக்கு நடந்தோம். ஏரியினின்று நேரே எழும் செங்குத்துப் பாறையில், ஒஜிப்வே மக்களின் முன்னோர் செங்காவி கொண்டு வரைந்த ஓவியங்கள் அங்கே உள்ளன. கொம்புடைய நீர்ப்பூனையான மிசிபெசுவும், ஓடமேறிய மனிதரும், பாம்புகளும் அலையும் பனியும் அடித்தும் அழியாது நிற்கின்றன. ஓவியத்தின் அருகே செல்ல நீர் விளிம்பிற் சரிந்த பாறைத் தட்டொன்றே வழி. தாயார் வரமுடியாமையாற் கரையிலேயே அமர்ந்திருந்தார். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக ஓடிவந்து, தாம் கண்டதை அவருக்கு விரித்துரைத்தனர்.

மாணவர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. தேவதாருத் திரவம் தெளித்ததும், சட்பரியில் 381 மீற்றருக்குப் புகைபோக்கி எழுப்பியதும் ஒரே வகைத் தீர்வுகள். இரண்டும் நாற்றத்தை மூக்கினின்று அகற்ற முயன்றன, மூலத்தினின்று அகற்றவில்லை. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தலும், கண்டதை உடனே எழுதிவைத்தலும், அருகில் இருப்பதையே காரணமென்று கொள்ளாதிருத்தலும் ஆகிய மூன்றுமே நோய்க்கு மூலங் காணும் வழி. இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. விளக்குத் திரிப் பஞ்சு போதும்.

எம் ஊர்களில் வீட்டு வண்டிகள் இல்லை. ஆயினும் பூட்டிய வீடுகள் பல உள. பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, ஆண்டுக்கொருமுறை திறக்கப்படும் வீடுகள் அவை. வந்து கதவைத் திறந்தவுடன் குளியலறையிலிருந்து வரும் நாற்றத்தை முகர்ந்து, 'வீட்டைப் பார்க்கச் சொல்லிக் காசு அனுப்பினோம், இப்படியா வைத்திருப்பது?' என்று காவலிருந்த முதியவரைக் கடிந்துகொள்வோர் உளர். முற்றமும் அறையும் நாளும் கூட்டிய அவர், பூட்டிக் கிடந்த குளியலறையின் வளைகுழாய் வறண்டதை எவ்வாறு அறிவார்? வீட்டைத் திறப்போர் முதலில் யன்னல்களைத் திறந்து, ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி நீர் வார்த்துவிட்டு, வெளி விறாந்தையில் அமர்ந்து அவரோடு ஒரு தேநீர் அருந்துவாராக. கேட்கவேண்டியது ஏதும் இருப்பின், அதன் பின்னர்க் கேட்கலாம்.